முன்சக்கரத்து எடை

எனக்குக் கோபம் வரும். யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது மேல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு வரும் வழியில் ஓர் எடை மேடை இருக்கிறது. அங்கே கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால், கம்ப்யூட்டரும் கையில் மைக்குமாக உட்கார்ந்திருப்பவள் நான்தான். பெயர் கெங்கம்மாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெயரா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன், அதை இங்கே எழுத முடியாது. கெங்கா என்று கூப்பிட்டால் போதும், திரும்பிப் பார்ப்பேன்.

லாரி வரும், மேடையில் ஏறும், எடை பார்ப்பேன், சிலிப் அடித்துக் கொடுப்பேன். கேட்பதற்கு லேசான வேலைதான். உட்கார்ந்து பார்த்தால் தெரியும். டிரைவர்கள் எடை குறைவாகக் காட்டட்டும் என்று பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே ஒரு சாண் விட்டுவிட்டு, எதுவும் தெரியாத பச்சைக்குழந்தை மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "அண்ணா, பின்னாடி டயரு வெளிய நின்னுகினு காத்து வாங்குது. உள்ள ஏத்து" என்று மைக்கில் சொல்வேன். சாலை முழுக்கக் கேட்கும். அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு வந்து, "கொஞ்சம் பாத்துப் போடும்மா" என்று கெஞ்சுகிறவர்களும் உண்டு. நான் என்ன மளிகைக் கடையா வைத்திருக்கிறேன், பார்த்துப் போட? கேட்டால், "ஓனர் ஏத்தச் சொன்னாரு, நான் இன்னா பண்றது?" என்று பழைய பாட்டைப் பாடுவார்கள். ரோட்டில் பிடித்தால் யாருடைய லைசென்ஸ் போகும்? ஓனர் வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார், இவர்தான் ஸ்டேஷன் வாசலில் நிற்கவேண்டும். இதைச் சொன்னால் கோபக்காரி என்று பெயர்.

பூவராகவன் முதல் தடவை வந்த அன்றும் நான் கோபமாகத்தான் இருந்தேன். ஆரணிக்காரன். ஆறு சக்கர லாரி, கண்ணாடியெல்லாம் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தான். மேடையில் நேராக ஏற்றினான். எடை சரியாக இருந்தது. சிலிப்பை நீட்டினேன், வாங்கவில்லை.

"மேடம், வண்டிய பின்னால எடுக்கறேன். முன்சக்கரம் மட்டும் வெச்சு ஒருவாட்டி பாருங்க."

"இன்னாத்துக்கு? மொத்த எடைதான் சரியா கீதே."

"மொத்தம் சரி மேடம். அது எங்க உக்காந்துகினு கீதுன்னு பாக்கணும்."

அவனுக்குப் பின்னால் டேங்கர் லாரி ஓட்டும் பென்னி அண்ணன் நின்றுகொண்டு ஹாரனை அழுத்தினார். பென்னி அண்ணன் ஹாரன் அடித்தால் பல் கூசும். எனக்கு ஏறிவிட்டது. "இன்னாய்யா, இது இட்லிக் குண்டானா, தட்டுத் தட்டா எடுத்துப் பாக்க? சிலிப்ப வாங்கிகினு கெளம்பு" என்று மைக்கிலேயே கத்தினேன்.

அவனுக்குக் கோபம் வரவேண்டுமா இல்லையா? சிரித்தான். "முன்னாடி லேசாப் போச்சுன்னா ஸ்டீரிங்கு என் கைல இருக்கும், வண்டி இருக்காது மேடம். நாலு பேரு ரோட்ல போறாங்க இல்ல?" என்றான்.

சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஹேண்டில்பார் தூக்கிக்கொண்டு ஆடும். நாம் ஒரு பக்கம் திருப்பினால் அது ஒரு பக்கம் போகும். லாரியும் அப்படித்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதுவரைக்கும் நான் பார்த்ததெல்லாம் மொத்த எடைதான். பாரம் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை, நானும் பார்த்ததில்லை. அவன் சொன்னபடி முன்சக்கரத்தை மட்டும் வைத்துப் பார்த்தேன். எண்ணைப் படித்துச் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டு, "நல்லா கீது மேடம், தாங்க்ஸ்" என்று கிளம்பிப் போனான். போகிற போக்கில் பென்னி அண்ணனைப் பார்த்து ஒரு சலாம் வேறு.

அதற்கப்புறம் வந்தபோதெல்லாம் இதே கூத்துதான். ஒருநாள் எடை கூடுதலாகக் காட்டியது. ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய், கூடுதலாக இருந்ததை இறக்கிவிட்டு மறுபடி வந்து நின்றான். மற்ற டிரைவர்கள் அவனுக்குத் தராசு என்று பெயர் வைத்துவிட்டார்கள். "தராசு வந்துட்டான், எல்லாரும் எறங்கி டீ குடிச்சிட்டு வாங்கடா" என்பார் பென்னி அண்ணன். வருகிற டிரைவரையெல்லாம் நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். இவனை முதலில் அப்படிக் கூப்பிட்டேன். பிறகு அந்த அண்ணா எப்போது காணாமல் போனது என்று எனக்கே தெரியவில்லை. பென்னி அண்ணன்தான் கண்டுபிடித்தார். "இன்னாம்மா கெங்கா, எங்களுக்கெல்லாம் அண்ணா, அவனுக்கு மட்டும் வெறும் 'வா'வா?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் சிலிப்பை ஜன்னலுக்கு வெளியே விட்டெறிந்தேன்.

எங்கள் காதலில் மரத்தைச் சுற்றி ஆடுவதெல்லாம் கிடையாது. முன்சக்கரத்தை மேடையில் வைத்துவிட்டு அவன் ஜன்னலைப் பார்ப்பான், நான் எண்ணைப் படிப்பேன், அவ்வளவுதான். அந்த எண்ணைப் படிக்கிற நேரத்துக்காக நான் காலையிலிருந்து காத்துக்கொண்டிருப்பேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவனைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, இடையில் என் நைனா இல்லாமலிருந்தால். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பெயர் பச்சையப்பன். சிப்காட் குடோன் ஒன்றில் லோடுமேன்களுக்கு மேஸ்திரி. பூவராகவன் எடுக்கிற சரக்கெல்லாம் அந்தக் குடோனிலிருந்துதான் வரும். நைனாவின் ஆட்கள் லாரியை நிரப்புகிற வேகத்தைப் பார்க்க அக்கம்பக்கத்துக் குடோன்காரர்களே வருவார்கள். எந்தச் சரக்கு முதலில் இறங்கவேண்டுமோ அது வாலில், கடைசியில் இறங்கவேண்டியது தலையில். அதுதான் நைனாவின் சட்டம். இறக்குகிற இடத்தில் சிரமம் இருக்காதல்லவா? ஏற்றி முடித்ததும் பின்கதவைப் பூட்டி, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "இனிமே உன்னுது" என்பார். அந்தத் தட்டுக்கு அப்புறம் சரக்குக்கு டிரைவர்தான் பொறுப்பு. நைனா கை கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார். இத்தனை வருஷமாக அவர் தட்டியதை ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை.

தராசு மறுத்தான். "மேஸ்திரி, இரும்பு மூட்டைய கொஞ்சம் முன்னாடி நகத்திக் குடுங்க" என்று பணிவாகத்தான் கேட்பான். பணிவாகக் கேட்டால் நகர்த்துகிற வேலை குறைந்துவிடுமா? ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி ஏறுவார்கள். அன்றைக்கு ராத்திரி சோற்றில் கை வைக்கும்போதே நைனா ஆரம்பித்துவிடுவார். "அந்தப் பூவராகவன் கீறானே, பேருதான் பூவு. பேஜாரு புடிச்ச பையன்மா. இவன் ஒருத்தன்தான் லாரி ஓட்டறானா?" நான் குழம்பை ஊற்றிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல நிற்பேன்.

கடைசியில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நைனாவிடம் சொன்னாள். அன்றைக்கு எங்கள் தெருவே கேட்டது. "அந்தத் தராசா? சிப்காட்ல வேற ஆம்பளையே கெடைக்கலையா உனுக்கு?" என்று நைனா குதித்தார். நானும் குதித்தேன். எனக்கு அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. சமைத்ததையெல்லாம் அம்மா ஒரே ஆளாகச் சாப்பிட்டுவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் இப்படியே இருந்தா எனக்கு நல்லதுதான்" என்றாள். நைனா இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டார் பெண் கேட்டு வரலாம் என்று முடிவானது.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம் நடந்ததுதான் கதை.

மழை விட்டிருந்தது. மேடையிலிருந்து இறங்குகிற இடமெல்லாம் சேறு. பூவராகவனின் லாரி வந்தது. பார்த்தால், பக்கத்து சீட்டில் என் நைனா! மடியில் சாப்பாட்டுப் பை, முகத்தில் பட்டாபிஷேகக் களை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டி மேடையில் ஏறி நின்றது. எடை வந்தது. சரியான எடை, ஒரு கிலோ கூட அதிகமில்லை. மைக்கில் படித்தேன்.

நைனா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். பின்னால் நின்ற லாரிக்காரர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரிக் கூவினார். "பாத்தியா? என் லோடு! உனுக்குக் காட்டத்தான் கூடவே ஏறி வந்தேன். இன்னைக்கு இவன் வாயே தொறக்கல. மாத்தி ஏத்தச் சொன்னியானா நாளைக்கு என் ஊட்டுப் பக்கம் வராதேன்னு ஒரே வார்த்த. கம்முனு ஏறி உக்காந்துட்டான். இப்பதான்மா நம்ம புள்ளையா ஆயிருக்கான்!"

நான் பூவராகவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டீரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா லோடு?" என்று கேட்டேன்.

"முன்னாடி பூரா பிளாஸ்டிக் பக்கெட்டு, சேரு. அரக்கோணம் போவுது. வாலுல இரும்பு வார்ப்பு மூட்டை. காக்களூர்ல மொதல்ல எறங்குது" என்று நைனாவே பெருமையாகச் சொன்னார்.

முன்னால் பிளாஸ்டிக், வாலில் இரும்பு. தச்சூர் கூட்டு ரோட்டில் திரும்பவேண்டும். பெரியபாளையத்துப் பாலம் ஏறி இறங்கவேண்டும். சனிக்கிழமை, கோயிலுக்குப் போகிற கூட்டம் வேறு ரோட்டில் நடக்கும். "வண்டிய பின்னால எடு. முன்சக்கரம் மட்டும் வை" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம், சிலிப்ப குடு" என்றார் நைனா.

"நைனா, நீ சும்மா இரு. யோவ், உன்னத்தான். பின்னால எடு."

அப்போதுதான் அவன் என்னைப் பார்த்தான். "வுடு கெங்கா. பரவால்ல. மெதுவா ஓட்டிக்கினு போறேன். மாமா பேச்ச மீறி இன்னா பண்றது? சிலிப்பக் குடு" என்றான்.

பரவாயில்லையாம்! காற்றடிக்கிற திசைக்கு ஆடாத ஆள் என்றுதானே இவனைப் பிடித்தது? மற்றவர்களெல்லாம் ஓனர் சொன்னார் என்று பாடுகிற பாட்டை, இவன் மாமா சொன்னார் என்று பாடுகிறான். அதுவும் என்னை அடைவதற்காக. எனக்காக இவன் ரோட்டில் நாலு பேர் மேல் ஏற்றிவிட்டு வந்து நிற்பானா, அல்லது வராமலே போவானா? அழுகை முட்டியது. எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

"பூவராகவன்! நல்லா கேட்டுக்கோ. எங்க நைனாவுக்குப் பயந்துகினு கோணல் லோடு ஏத்தறவன் எனக்கு வேணாம். நாளைக்கு நீ எங்க ஊட்டுக்கு வராதே!"

ஹாரன்களெல்லாம் நின்றுபோயின. டீக்கடையில் பாட்டைக்கூட யாரோ நிறுத்திவிட்டார்கள்.

நைனா பதறிப்போனார். "அடியே! நானே வரச்சொல்லியாச்சு, நீ இன்னாடி வேணான்ற? எவ்ளோ மரியாதையான புள்ள! என் பேச்ச எப்டிக் கேக்கறான் பாரு!"

"அதான் நைனா கோளாறே!" என்று கத்தினேன். "சிலிப் தர முடியாது!"

"நீ தராட்டி போ. சிலிப் இல்லாமலே போவான். எட்றா மாப்ள வண்டிய!"

மாப்பிள்ளை என்று நைனா கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்த வார்த்தைக்கு அவன் எத்தனை நாள் ஏங்கினானோ தெரியாது. இப்போது அதைக் கேட்டு அவன் முகம் கசங்கிப்போனது. என்னை ஒருமுறை பார்த்தான், நைனாவை ஒருமுறை பார்த்தான். கியரைப் போட்டான்.

குடோனிலிருந்து எங்கள் மேடைவரை நேரான ரோடு. திருப்பமே கிடையாது. மேடையிலிருந்து இறங்கி வலப்பக்கம் ஒடித்தால்தான் கேட். லாரி ஊர்ந்து இறங்கியது. அவன் ஸ்டீரிங்கை வலது பக்கம் ஒடித்தான். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்சக்கரம் இரண்டும் வலது பக்கம் திரும்பிவிட்டன. லாரி திரும்பவில்லை. திரும்பிய சக்கரங்கள் சேற்றில் வழுக்கிக்கொண்டே நேராகப் போயின. பிரேக் பிடித்தான், அப்போதும் வழுக்கியது. எங்கள் ஓனர் சுவர் கட்டக் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் மூக்கை நுழைத்துக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

நான் எப்படிப் படியிறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. "நைனா! நைனா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். பிறகுதான் தெரிந்தது, பாதி ஓட்டத்தில் பூவராகவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேனாம். பென்னி அண்ணன் இதையும் குறித்து வைத்துக்கொண்டார்.

ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நைனா சாப்பாட்டுப் பையைக் கட்டிப்பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்திருந்தார். மெல்ல இறங்கினார். லாரியின் முன்னால் போய்க் குனிந்து பார்த்தார். வலது பக்கம் முழுக்கத் திரும்பி நிற்கிற சக்கரங்களைப் பார்த்தார். நேராக மணலுக்குள் போயிருக்கிற தடத்தைப் பார்த்தார்.

"முழுசா ஒடிச்சான். நான் பக்கத்துலதான உக்காந்துகினு இருந்தேன். முழுசா ஒடிச்சான் கெங்கா. வண்டி கேக்கவே இல்ல" என்றார். பிறகு அவரே சொன்னார், "இதே தச்சூர் கூட்ரோடா இருந்தா..." தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பூவராகவன் கீழே இறங்கி, "என் தப்பு மாமா. தெரிஞ்சே எடுத்தேன்" என்றான்.

"அடிங்! நான் எடுக்கச் சொன்னேன், நீ எடுத்தே. உன் தப்பாம்!" என்று நைனா அவன் மேல் பாய்ந்தார். அடிக்கப் போகிறாரோ என்று பார்த்தால், அவன் சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

பென்னி அண்ணனின் டேங்கரில் சங்கிலியைக் கட்டி லாரியைப் பின்னால் இழுத்தார்கள். இழுத்த கையோடு நைனாவே சொன்னார், "மேடைல வைங்கடா. முன்சக்கரம் மட்டும். நான் பாக்கணும்." வைத்தார்கள். நைனா என் அறைக்குள்ளேயே வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தார். இந்த வண்டி காலியாக வரும்போது முன்சக்கரத்தில் எவ்வளவு எடை இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். அதைச் சொன்னேன். இப்போது அதைவிடக் குறைவாகக் காட்டியது.

"இன்னாது? காலி வண்டிய விடக் கம்மியா? இவ்ளோ லோடு ஏத்தியும்?"

"வாலுல ஏத்தினதெல்லாம் சேந்து முன்னாடியத் தூக்குது நைனா. பின்சக்கரத்து மேலதான் மொத்தமும் உக்காந்துகினு கீது. அதுக்கு அளவுக்கு மேல."

"மிஷினு கெட்டுப் போச்சா பாரு."

மறுபடி வைத்தோம். அதே எடை. நைனா தலையைச் சொறிந்தார். "இத்தினி வருசமா கதவத் தட்டினா நம்ம வேல முடிஞ்சிச்சுன்னு இருந்தேன்மா" என்றார். அந்த எண்ணை மட்டும் நான் மைக்கில் படிக்கவில்லை. என் நைனாவைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்காமல் இருக்க எனக்கும் தெரியும்.

அப்புறம் என்ன, நைனா நைனாவாகிவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். போனை எடுத்துத் தன் ஆட்களுக்குப் போட்டார். "டேய், எல்லாரும் கெங்கா மேடைக்கு வாங்கடா. கைய கழுவிட்டீங்களா? நல்லது, மறுபடி அழுக்காக்கிக்கினு வாங்க!" பைக்கில் இரண்டு பேராக, மூன்று பேராக வந்து இறங்கினார்கள். முதலில் முணுமுணுப்புதான். மேஸ்திரியே முதல் மூட்டையைத் தோளில் தூக்கியதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். வரிசையில் நின்ற லாரிகளின் கிளீனர்களும் வந்து கை கொடுத்தார்கள். பக்கெட்டும் சேரும் எங்கள் முற்றத்தில் மலை மாதிரி குவிந்தன. டீக்கடைக்காரர் அந்தப் பிளாஸ்டிக் சேர்களில் இரண்டை இழுத்துப் போட்டு வாடிக்கையாளரை உட்கார வைத்துவிட்டார், அதை மீட்பதற்கு ஒரு தனிச் சண்டை. பாட்டை மறுபடி போட்டார்கள். ஐலசா போட்டு மூட்டை ஏற்றுகிற ஆட்கள் அன்றைக்குப் பாட்டுக்குத் தகுந்தாற்போல் ஏற்றினார்கள்.

"இரும்ப நடுவுல, கொஞ்சம் முன்னாடி தள்ளி வைங்க. ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்" என்று பூவராகவன் சொல்லச் சொல்ல, நைனா அதையே உரக்கத் திருப்பிச் சொன்னார். யோசனை தன்னுடையது மாதிரி. கேட்க எனக்குச் சிரிப்பாக இருந்தது.

பென்னி அண்ணன் ஒரு சந்தேகம் கேட்டார். "மேஸ்திரி, காக்களூர்ல இரும்புதான மொதல்ல எறங்குது? இப்ப பக்கெட்டயெல்லாம் எறக்கிட்டு இல்ல அத எடுக்கணும்?"

"அதுக்கு இன்னா? நான் கூடப் போறேன். நாலு பேர இட்டுகினு போறேன். எறக்கி, எடுத்து, திரும்ப ஏத்திக் குடுத்துட்டுதான் வருவேன்" என்றார் நைனா.

ஏற்றி முடித்து, முன்சக்கரத்தை வைத்துப் பார்த்தோம். பின்சக்கரத்தையும் பார்த்தோம். எல்லாம் இருக்கவேண்டிய அளவில் இருந்தன. மைக்கில் படித்தேன். ஏதோ தேர்தலில் ஜெயித்த மாதிரி எல்லோரும் கை தட்டினார்கள். பூவராகவன் லாரியை மேடையிலிருந்து இறக்கி, சேற்றிலேயே கேட் பக்கம் ஒடித்தான். சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு லாரி திரும்பியது. நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

நைனா அவன் தோளில் கை போட்டார். "சரி மாப்ள. நாளைக்கு அம்மா, அக்கா எல்லாரையும் கூட்டிக்கினு வந்துடு."

அவன் நகரவில்லை. "எப்டி வர்றது மாமா? அவதான் வராதேன்னு சொல்லிட்டாளே. ஊரே கேட்டுச்சு" என்றான். அவன் குரலில் விளையாட்டு இல்லை. கண் கலங்கியிருந்தது. சொன்ன சொல்லை உடனே அள்ளிக்கொள்ள முடியுமா? அதுவும் மைக்கில் சொன்னது.

நைனா மேலே என் ஜன்னலைப் பார்த்தார். லோடுமேன்கள் பார்த்தார்கள். கிளீனர்கள் பார்த்தார்கள். டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவர்கூடப் பார்த்தார்.

"இன்னாம்மா கெங்கா, எதுனா ஒண்ணு சொல்லு. எனுக்கு எண்ணூர் போணும்" என்றார் பென்னி அண்ணன்.

மைக்கை எடுத்தேன்.

"பூவராகவன். எங்க நைனா சொன்னா இனிமே கோணல் லோடு எடுப்பியா?"

"எடுக்க மாட்டேன்."

"எங்கம்மா சொன்னா?"

"மாட்டேன்."

"உங்கம்மா?"

"மாட்டேன்."

"நான் சொன்னா?"

அவன் குனிந்து, மணலில் பதிந்திருந்த தடத்தைப் பார்த்தான். எனக்காக எதையும் செய்வேன் என்று மட்டும் சொல்லிவிடாதே மகராசா என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

நிமிர்ந்து, ஜன்னலை நேராகப் பார்த்தான். "நீ சொன்னாலும் எடுக்க மாட்டேன் கெங்கா."

"அழுதா?"

"அழுதுகினே இரு. எடுக்க மாட்டேன்."

எத்தனை பெண்களுக்கு எத்தனையோ பேர் எதையெதையோ தருவதாகச் சொல்லியிருப்பார்கள். எனக்கு இது போதும், இதைவிட ஒரு நல்ல வார்த்தையை நான் கேட்டதில்லை.

"அப்போ வா. காலைலயே வந்துடு" என்றேன்.

நைனா ஓவென்று கூவிக்கொண்டு துண்டை மேலே வீசினார். வரிசையில் நின்ற லாரிகளெல்லாம் ஒன்றாக ஹாரன் அடித்தன, பென்னி அண்ணனின் பல் கூசுகிற ஹாரனையும் சேர்த்துத்தான். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு மேஜைமேல் கவிழ்ந்து நன்றாக அழுது தீர்த்தேன். மைக்கை அணைக்கவில்லை என்பதைப் பென்னி அண்ணன்தான் வந்து சொன்னார்.